சிமெண்டுப் பூச்சும் ஒன்பது பேரும்: ஒரு தோட்டப்புற மிசன் கோயிலின் நிகழ்வு ஆய்வு

மலேசியாவின் கோலசிலாங்கூர் வட்டாரத்தில், செம்பனைக் காட்டுக்கு நடுவே ஒரு கடைத்தெருவும் ஒரு தமிழ்ப்பள்ளியும் ஒரு மாரியம்மன் கோயிலும் கொண்ட சிற்றூர் எங்களுடையது. அங்குள்ள கத்தோலிக்கக் கோயிலை ஊரார் இன்றும் ‘மிசன் கோயில்’ என்றே அழைக்கிறார்கள். அதன் சுவர்களைக் காப்பாற்றச் சம்பளம் ஏதுமின்றி ஒன்றுகூடிய ஒன்பது பேரில் நானும் ஒருவன். நாங்கள் செய்தவற்றையும், செய்யாமல் தடுத்தவற்றையும், எங்களால் முடியாமல் போனவற்றையும் இங்கே பதிவு செய்கிறேன். கோயிலின் பெயரையும் ஊரின் பெயரையும் குறிப்பிடவில்லை. இதே நிலையில் உள்ள வேறு கோயில்களின் பொறுப்பாளர்களுக்குப் பயன்பட வேண்டியது எங்கள் அனுபவம்தான்.

நன்கொடை திரட்டுவதுதான் முதல் வேலை என்ற எண்ணத்தோடுதான் நாங்கள் குழுவில் சேர்ந்தோம். பணம் எங்களுக்கு இரண்டாவது கவலை என்பது பிறகுதான் தெரிந்தது. கோயில்மீது உண்மையான அன்பு கொண்டவர்கள், அந்த அன்பினாலேயே கோயிலுக்குத் தீங்கு செய்துவிடாதபடி மரியாதையோடு குறுக்கே நிற்பதுதான் எங்கள் நேரத்தில் பெரும்பகுதியைக் கேட்டது.

கோயில் வந்த வழி

மலாக்கா மறைமாவட்டம் 1888இல் மீண்டும் நிறுவப்பட்ட காலத்தில், தீபகற்பத்தின் மேற்குக் கரையில் தமிழ்க் கத்தோலிக்கரிடையே பணியாற்றியவர்கள் பெரும்பாலும் பாரிஸ் வெளிநாட்டு மறைபரப்புச் சபையின் பிரெஞ்சுக் குருக்கள். அவர்களில் பலர் தமிழில் மறையுரை ஆற்றும் அளவுக்கு மொழியைக் கற்றவர்கள். 1907இல் இந்தியக் குடியேற்ற நிதி ஏற்படுத்தப்பட்ட பிறகு, தமிழகத்திலிருந்து தொழிலாளர்கள் பெருந்தொகையாக ரப்பர்த் தோட்டங்களுக்கு வந்தனர். பால்மரம் பரவிய இடமெல்லாம் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயங்கள் எழுந்தன. லயங்களில் கத்தோலிக்கக் குடும்பங்கள் சில சேர்ந்த இடத்தில் முதலில் ஓர் அத்தாப்பு ஓலைக் கொட்டகையும், வசதி வந்த பிறகு செங்கல் கோயிலும் எழுவது வழக்கமாக இருந்தது.

எங்கள் கோயிலும் அந்த வரிசையில் வந்ததுதான். குருவானவர் மாதத்துக்கு ஒருமுறை வருவார் என்றும், மற்ற ஞாயிறுகளில் உபதேசியார் செபமாலை சொல்லி வைப்பார் என்றும், பால் வெட்டி முடித்த பிற்பகல்களில் ஆண்களும் பெண்களும் செங்கல் சுமந்தார்கள் என்றும் முதியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். எழுத்தில் எஞ்சியிருப்பது லத்தீனில் எழுதப்பட்ட ஞானஸ்நானப் பதிவேடு மட்டுமே. தமிழ்ப் பெயர்களை ஒரு பிரெஞ்சுக்காரர் தம் காதுக்குக் கேட்டவாறு எழுதி வைத்த அந்தப் பக்கங்களைப் புரட்டும்போதெல்லாம், இந்தக் கட்டடம் யாருக்குச் சொந்தம் என்ற கேள்விக்குச் சட்டம் சொல்லும் விடையைத் தவிர வேறொரு விடையும் இருப்பதாக எனக்குத் தோன்றும்.

விடுதலைக்குப் பிந்தைய ஆண்டுகளில், பெரிய தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்ற தோட்டத் துண்டாடல் நடந்தது. அதன் பிறகு ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. செம்பனைக்குத் தேவைப்பட்ட ஆட்கள் குறைவு. பின்னர்த் தோட்ட நிலங்களே வீடமைப்புத் தாமான்களாக மாறின. குடும்பங்கள் கிள்ளானுக்கும் ரவாங்குக்கும் ஷா ஆலமுக்கும் பெயர்ந்தன. சாதாரண ஞாயிறுகளில் முன்வரிசைகள் மட்டுமே நிறையும் எங்கள் கோயில், திருவிழா வாரத்தில் வாசல் கொள்ளாமல் நிரம்பும். இந்த இரட்டை நிலை பின்வரும் நிகழ்வுகளுக்கு முக்கியமானது. கோயிலுக்கு அதிகம் கொடுக்கக் கூடியவர்கள் அதை ஆண்டுக்கு ஒருமுறைதான் பார்க்கிறார்கள், அதுவும் புதிதாக வண்ணம் பூசிய வாரத்தில்.

மேற்குச் சுவர்

சுவர்கள் சூளைச் செங்கல்லால் ஆனவை. கட்டுச்சாந்தும் மேற்பூச்சும் சுண்ணாம்பு. அடித்தளத்தில் ஈரத்தடுப்பு அடுக்கு கிடையாது, அக்காலத்தில் இத்தகைய கட்டடங்களில் அது வழக்கமும் இல்லை. எங்கள் வட்டாரம் கடலோரக் களிமண் நிலம். வாய்க்கால் வெட்டி நீரை வடித்தே தோட்டம் போட்டார்கள். கால் முழம் தோண்டினால் மண் ஈரமாகத்தான் இருக்கும். இப்படிப்பட்ட நிலத்தில் நிற்கும் செங்கல் சுவர் விளக்குத் திரி எண்ணெயை இழுப்பதுபோல் தண்ணீரை மேலே இழுக்கும். சுண்ணாம்புப் பூச்சு அந்த ஈரத்தைக் காற்றில் விட்டுவிடும். சுவர் நனைவதும் உலர்வதுமாகவே பல பத்தாண்டுகள் நிலைத்திருந்தது. கீழ்ப்பகுதியில் பூச்சு அவ்வப்போது உதிரும்போது, உபதேசியார் காலத்திலிருந்தே அந்த இடத்தை மட்டும் சுரண்டிவிட்டுச் சுண்ணாம்பு அடித்துக்கொண்டு வந்தார்கள்.

குழு உருவாவதற்குச் சில ஆண்டுகளுக்கு முன், லயத்தில் பிறந்து நகரத்தில் தொழில் செய்து முன்னேறிய ஒருவர், தம் பெற்றோர் நினைவாக மேற்குச் சுவர் முழுவதையும் புதுப்பித்துக் கொடுத்தார். வேலையை எடுத்த குத்தகையாளர் தாமான் வீடுகள் கட்டிப் பழகியவர், நேர்மையான கைக்காரர். பழைய பூச்சைக் கொத்தி எடுத்துவிட்டுக் கனமான சிமெண்டுப் பூச்சு பூசி, அதன்மேல் பளபளக்கும் வண்ணமும் அடித்தார். சுவரோரம் மழைநீர் தேங்கக் கூடாது என்று, கோயிலைச் சுற்றி மூன்றடி அகலத்துக்குக் கான்கிரீட்டும் போட்டுக் கொடுத்தார். அந்த ஆண்டுத் திருவிழாவில் எல்லாரும் மகிழ்ந்தோம். நான் மேடையில் நன்றி சொல்லிப் பொன்னாடை போர்த்தினேன்.

இரண்டு மழைக்காலம் கடந்ததும் வண்ணம் கொப்புளம் கொப்புளமாக எழும்பியது. முன்பு முழங்கால் உயரத்தில் நின்ற ஈரக்கோடு சன்னல் விளிம்பு வரை ஏறியது. உட்புறத்தில் சிலுவைப் பாதைப் படங்களுக்குப் பின்னால் வெள்ளை வெள்ளையாக உப்புப் பூத்தது. ஓரிடத்தில் சிமெண்டுப் பூச்சு பலகை போலக் கழன்று விழுந்தபோது, அதன் பின்னால் இருந்த செங்கல் விரலால் தேய்த்தாலே செம்மண்ணாக உதிர்ந்தது. வெளியேறும் வழியைச் சிமெண்டு அடைத்துவிட்டதால் ஈரம் மேலே மேலே ஏறியிருந்தது. தரையில் போட்ட கான்கிரீட்டு, மண்ணிலிருந்து நேராக ஆவியாக வேண்டிய நீரையும் சுவரை நோக்கித் தள்ளியிருந்தது. நீரோடு வந்த உப்பு பூச்சுக்குப் பின்னால் படிகமாகிச் செங்கல்லை உள்ளிருந்து உடைத்திருந்தது. கெட்ட எண்ணம் கொண்டவர் என்று இதில் யாரையும் சுட்டிக்காட்ட முடியாது. எங்களுக்கு மிகவும் வருத்தம் தந்தது அதுதான்.

குழுவின் அமைப்பு

ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், முன்னாள் தோட்டக் கிராணி (எழுத்தர்), தாதி, லாரி வைத்திருப்பவர், கணக்காளராகப் பணியாற்றும் இளம்பெண் என்று ஒன்பது பேர் சேர்ந்தோம். அவர்களில் இருவர் இந்துக்கள். ஒருவர் மாரியம்மன் கோயில் நிர்வாகத்தில் இருப்பவர். செவ்வாய்க்கிழமை மாலைகளில் அந்தோணியார் சுரூபத்துக்கு முன் மெழுகுவர்த்தி ஏற்றுபவர்களில் பாதிப்பேர் இந்துக்களாக இருக்கும் ஊரில் இது இயல்பானதுதான். ஆயினும் பங்குப் பேரவையில் ஒருவர் இதை முறையா என்று கேட்டார். பங்குத் தந்தை பதிவேட்டிலிருந்த பழைய நன்கொடைப் பட்டியலை எடுத்து வந்து, கோயில் கட்டக் காசு கொடுத்த இந்துத் தொழிலாளர்களின் பெயர்களை வாசித்துக் காட்டினார். அதற்குப் பிறகு அந்தக் கேள்வி எழவில்லை.

சட்டப்படி நிலமும் கட்டடமும் ஆயர் பதவியின் பெயரில் உள்ளவை. குழுவுக்கு உரிமை எதுவும் இல்லை. 1966ஆம் ஆண்டுச் சங்கங்கள் சட்டத்தின்கீழ் ஏழு பேர் சேர்ந்தால் தனிச் சங்கமாகப் பதிவு செய்துகொள்ளலாம் என்பதால், தொடக்கத்தில் அந்த வழியைத்தான் ஆலோசித்தோம். ஆண்டுக் கூட்டம், ஆண்டறிக்கை, தணிக்கை என்று வரும் கடமைகளை எங்கள் அளவுள்ள குழுவால் தொடர்ந்து நிறைவேற்ற முடியுமா என்று தயங்கி, பங்கின்கீழ் இயங்கும் தனிக்குழுவாகவே இருக்க முடிவு செய்தோம். இரண்டு நிபந்தனைகளை மட்டும் எழுத்தில் வாங்கினோம். கட்டடத்துக்கென்று வரும் பணம் தனிக் கணக்கில் இருக்க வேண்டும். சுவர், கூரை, தரை ஆகியவற்றைத் தொடும் எந்த வேலையும், அன்பளிப்பாகவே வந்தாலும், குழுவின் ஒப்புதலின்றித் தொடங்கக் கூடாது. இந்த இரண்டாவது நிபந்தனை இல்லாமல் இருந்திருந்தால் இந்த ஆய்வை எழுத வேண்டிய தேவையே வந்திருக்காது.

அரிசோனாவிலிருந்து கிடைத்தது

எங்கள் தலைமையாசிரியர்தான் அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்திலுள்ள சான் சேவியர் தெல் பாக் கோயிலைப் பற்றி முதலில் எடுத்துச் சொன்னார். தூசான் நகருக்குத் தெற்கே சுமார் 16 கிலோமீட்டர் தொலைவில், டொஹோனோ ஊதாம் பழங்குடி மக்களின் நிலத்தில் அது நிற்கிறது. இயேசு சபைக் குரு யூசேபியோ கினோ 1692இல் அந்த இடத்துக்கு வந்து மிசனைத் தொடங்கினார். இப்போதுள்ள கோயிலைப் பிரான்சிஸ்கன் குருக்கள் 1783 முதல் 1797 வரை செங்கல்லாலும் சுண்ணாம்பாலும் கட்டினார்கள். அதன் கிழக்குக் கோபுரம் இன்றுவரை முடிக்கப்படாமலேயே இருக்கிறது. 1960இல் அது தேசிய வரலாற்றுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. ஆனாலும் அருங்காட்சியகமாகிவிடவில்லை, அங்கே வழிபாடு தொடர்கிறது.

அந்தக் கோயிலின் பாதுகாப்புக்காக 1978இல் ‘பாத்ரோனாத்தோ சான் சேவியர்’ என்ற இலாப நோக்கற்ற அமைப்பு நிறுவப்பட்டது. அது எந்தச் சமயப் பிரிவையும் சாராதது. அதன் வாரியத்தில் இருப்பவர்கள் தன்னார்வலர்கள். கோயில் அவர்களுடையதன்று. வழிபாட்டையும் அவர்கள் நடத்துவதில்லை. கட்டடத்துக்கும் அதிலுள்ள ஓவியங்களுக்கும் சிற்பங்களுக்கும் பணம் திரட்டுவதும், தகுந்த வல்லுநர்களை அழைத்து வருவதும், வேலை சரியாக நடக்கிறதா என்று பார்ப்பதும்தான் அவர்கள் பொறுப்பு. வழிபடும் சமூகமும் கட்டடத்தைக் காக்கும் குழுவும் வேறாக இருந்தும் ஒன்றையொன்று நெருக்கிவிடாமல் இயங்க முடியும் என்பதற்கு, எங்களுக்குக் கிடைத்த முதல் முன்மாதிரி அதுதான்.

எங்களை உண்மையில் நிமிர்ந்து உட்கார வைத்தது வேறு செய்தி. அந்தக் கோயிலின் வெளிப்புறத்திலும் இருபதாம் நூற்றாண்டில் சிமெண்டு கலந்த பூச்சு பூசியிருக்கிறார்கள். அங்கும் ஈரம் உள்ளே சிக்கிச் செங்கல்லையும் உட்புற ஓவியங்களையும் கெடுத்திருக்கிறது. அதைக் கொத்தி எடுத்துவிட்டு, சப்பாத்திக் கள்ளியின் சாற்றைச் சேர்த்த சுண்ணாம்புக் காரையை மீண்டும் பூசினார்கள். மேற்குக் கோபுரத்துக்கு மட்டும் ஐந்து ஆண்டுகள் பிடித்தன. ‘நமக்கு நேர்ந்ததுதான் அவர்களுக்கும் நேர்ந்திருக்கிறது’ என்று கிராணி ஐயா சொன்ன அந்தக் கூட்டத்தில்தான், குற்ற உணர்வு நீங்கி வேலை பேசத் தொடங்கினோம்.

1992 முதல் 1997 வரை அந்தக் கோயிலின் உட்புறத்தைச் சுத்தம் செய்தபோது, வெளிநாட்டு வல்லுநர்கள் உள்ளூர் ஊதாம் இளைஞர்களையும் சேர்த்துப் பயிற்றுவித்தார்கள். வல்லுநர்கள் திரும்பிப் போன பிறகும் கைத்திறன் ஊரிலேயே தங்கியது. அந்த ஒரு முடிவை அப்படியே எடுத்துக்கொள்ள விரும்பினோம்.

மாதிரிப் பூச்சு

சான் சேவியரின் முறையை அப்படியே இங்கே கொண்டுவர முடியாது. தூசானில் ஆண்டுக்குச் சுமார் 300 மில்லிமீட்டர் மழைதான் பெய்யும். எங்கள் தீபகற்பத்தின் சராசரி 2,500 மில்லிமீட்டருக்குப் பக்கத்தில் இருக்கும். அங்கே சுவர் தானாக உலரும். இங்கே உலர்வதற்கு நாம்தான் வழி செய்துகொடுக்க வேண்டும். எனவே பூச்சைத் தொடும் முன் தண்ணீரின் வழியை மாற்றினோம். சுவரோரக் கான்கிரீட்டை உடைத்து எடுத்து, சல்லி நிரப்பிய ஆழமான வடிகால் அமைத்தோம். ஒழுகிய கூரைப் பீலிகளை மாற்றினோம். இதற்குப் பிறகு ஆறு மாதம் வேறெதையும் செய்யாமல், ஈரப்பத அளவியைக் கொண்டு பன்னிரண்டு இடங்களில் வாரந்தோறும் அளந்து, பள்ளிக்கூட நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொண்டு வந்தோம். ‘ஒன்றுமே செய்யாமல் கமிட்டி எதற்கு?’ என்று சிலர் கேட்டது இந்த மாதங்களில்தான்.

பூச்சுக்கு ஈப்போ வட்டாரச் சுண்ணாம்பை வாங்கி, நீற்றிப் பீப்பாய்களில் தண்ணீர் மூடும்படி ஊறவைத்தோம். ஒரு பங்குச் சுண்ணாம்புக்கு மூன்று பங்கு உப்பில்லாத ஆற்றுமணல் என்ற அளவில் கலந்தோம். தமிழ்நாட்டுக் கொத்தனார்கள் கடுக்காய் நீரும் வெல்லமும் சேர்ப்பது பலருக்கும் தெரிந்ததே. அரிசோனாவின் கள்ளிச் சாற்றைப் பற்றிக் கேட்டதும், நம்முடைய முறையையும் பார்த்துவிட வேண்டும் என்று தாதியம்மா வற்புறுத்தினார். பின்புறச் சுவரில் மூன்றடிக்கு மூன்றடியாக இரண்டு மாதிரிகள் பூசினோம், ஒன்று வெறும் சுண்ணாம்பும் மணலும், மற்றொன்று கடுக்காயும் வெல்லமும் சேர்த்தது.

இரண்டுமே முதல் முறை தோற்றன. அக்டோபரில் பூசியது எங்கள் தவறு. சுண்ணாம்பு, காற்றிலுள்ள கரியமில வாயுவை மெல்ல மெல்ல உள்வாங்கித்தான் இறுகும். அதற்கு மிதமான ஈரம் வேண்டும். கொட்டும் மழை கூடாது. கடும் வெயிலும் கூடாது. மேற்குக் கரையில் அக்டோபரும் நவம்பரும் மழை மிகுந்த மாதங்கள் என்பது ஊரில் பிறந்த எங்களுக்குத் தெரியாததன்று. திருவிழாவுக்குள் எதையாவது காட்ட வேண்டும் என்ற அவசரம் அதை மறக்கச் செய்தது. அடுத்த பிப்ரவரியில், ஈரச் சாக்கைத் தொங்கவிட்டு நிழல் கொடுத்து மீண்டும் பூசினோம். வெறும் சுண்ணாம்பு மாதிரி நன்றாகப் பிடித்தது. வெல்லம் சேர்த்ததில் சில வாரங்களில் கரும்பூஞ்சை படர்ந்தது. எங்கள் கலவை முறை பிழையாக இருந்திருக்கலாம். அந்தச் சுவருக்கு வெயில் குறைவு என்பதும் காரணமாகலாம். முன்னோர் முறையைக் குறை சொல்ல இந்த ஒரு சோதனை போதாது. ஆனால் ஒரு முழுச் சுவரை அதை நம்பிப் பூசும் துணிவு எங்களுக்கு வரவில்லை.

உரிந்த சுவரோடு ஒரு திருவிழா

சிமெண்டைக் கொத்தி எடுத்ததும் உடனே பூசக் கூடாது, செங்கல் உலர வேண்டும், உப்பு வெளியேற வேண்டும். ஆகவே மேற்குச் சுவர் ஒரு திருவிழா முழுவதும் உரித்த செங்கல்லாகவே நிற்க வேண்டியதாயிற்று. கொடியேற்றத்துக்கு மூன்று வாரம் இருக்கும்போது, முன்பு சுவரைப் புதுப்பித்துக் கொடுத்த அதே நன்கொடையாளர், தம் செலவிலேயே மீண்டும் சிமெண்டு பூசித் தரைக்குப் பளிங்கு ஓடும் பதித்துத் தருவதாகச் சொன்னார். பங்குப் பேரவையில் பெரும்பாலோர் ஏற்றுக்கொள்ளும் மனநிலையில் இருந்தார்கள். பேரவையின் மூத்த அம்மா ஒருவர் எழுந்து, ‘சுவரு இப்படி உரிஞ்சு கெடக்கையில மாதாவ எப்படிய்யா தேர்ல ஏத்தி வெளிய கொண்டு வர்றது? பாக்குறவங்க என்ன சொல்லுவாங்க?’ என்று கேட்டபோது, எங்களில் யாருக்கும் சட்டென்று பதில் வரவில்லை. அவர் கேட்டது அழகைப் பற்றிய கேள்வியன்று, மரியாதையைப் பற்றியது. அதற்கு ஈரப்பதக் கணக்கைப் பதிலாக வைக்க முடியாது.

அடுத்த ஞாயிறு பூசை முடிந்ததும் அந்த அம்மாவையும் மற்றவர்களையும் மேற்குச் சுவருக்கு அழைத்துப் போனோம். செங்கல்லில் ஒன்றை அவர் கையில் கொடுத்தோம். அது அவர் விரல்களுக்கிடையே உதிர்ந்தது. பின்புறச் சுவரில் உறுதியாகப் பிடித்திருந்த மாதிரியையும் தட்டிப் பார்க்கச் சொன்னோம். வெகுநேரம் பேசாமல் நின்றவர், ‘எங்க அப்பா செமந்த கல்லு’ என்று மட்டும் சொன்னார். அந்த ஆண்டுத் தேர் வெள்ளைத் துணி போர்த்திய சுவரைக் கடந்து போனது. துணியைத் தைத்துக் கொடுத்தவர் அவர்தான்.

நன்கொடையாளரிடம் கிராணி ஐயாவும் நானும் நேரில் போனோம். தொலைபேசியில் சொல்லியிருந்தால் அந்த உறவு அன்றோடு முறிந்திருக்கும். அவருடைய பெற்றோர் நினைவுக்கு எந்தக் குறையும் வராது என்றும், அவர் தரும் பணத்தைச் சுண்ணாம்பு வேலை கற்கும் இரண்டு உள்ளூர் இளைஞர்களின் கூலிக்குப் பயன்படுத்த விரும்புகிறோம் என்றும் சொன்னோம். அவர் மனம் நொந்துதான் போனார். அந்த ஆண்டு எதுவும் கொடுக்கவில்லை. மறு ஆண்டு, நாங்கள் கேட்காமலேயே, ஓர் இளைஞனின் எட்டு மாதக் கூலியை அனுப்பி வைத்தார்.

மற்றவை

கூரையின் செங்கால் மர உத்திரங்கள் பெரும்பாலும் நலமாக உள்ளன. பீடத்துக்கு மேலுள்ள இரண்டில் மட்டும் கரையான் தடம் காணப்பட்டு, அதற்குரியவர்கள் வந்து இரை வைத்துப் போனார்கள். பதிவேட்டை மறைமாவட்ட ஆவணக் காப்பகத்தின் அறிவுரைப்படி படமெடுத்துப் பிரதியெடுத்தோம். 2005ஆம் ஆண்டுத் தேசியப் பாரம்பரியச் சட்டத்தின்கீழ் கோயிலைப் பதிவு செய்யக் கோரலாமா என்ற விவாதம் இன்னும் முடியவில்லை. நிலம் மாநில அரசின் அதிகாரத்துக்கு உட்பட்டது, உரிமை ஆயருடையது, பதிவானால் வரும் கட்டுப்பாடுகள் வழிபாட்டுக்குரிய சிறு மாற்றங்களையும் தொடும் என்று பேரவை அஞ்சுகிறது. என் சொந்தக் கருத்து, பதிவு செய்ய வேண்டும் என்பதே. எங்கள் எழுத்து நிபந்தனை பங்குத் தந்தை மாறினால் மறக்கப்படலாம், சட்டம் அவ்வளவு எளிதில் மறக்கப்படாது.

மேற்குச் சுவரின் மூன்றில் இரண்டு பங்கு இப்போது சுண்ணாம்புக் காரையில் நிற்கிறது. சன்னல் உயரத்தில் நின்ற ஈரக்கோடு முழங்காலுக்குக் கீழே இறங்கியிருக்கிறது. ஒன்பது பேரில் ஒருவர் காலமாகிவிட்டார், இருவர் பிள்ளைகளோடு சிங்கப்பூருக்கும் பினாங்குக்கும் போய்விட்டார்கள். கணக்காளப் பெண் கிள்ளானிலிருந்து இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வந்து நோட்டுப் புத்தகத்தில் அளவெழுதுகிறார். வேலை கற்ற இளைஞர்களில் ஒருவன் தொழிற்சாலைக்குப் போய்விட்டான். மற்றவன் மாரியம்மன் கோயிலின் பழைய மதிற்சுவரைச் சுண்ணாம்பில் பூச அழைக்கப்பட்டிருக்கிறான், கற்றுக்கொள்ள இரண்டு பையன்களையும் கூட்டிக்கொண்டு வரும் பிப்ரவரியில் அங்கே தொடங்குகிறான். எங்கள் தெற்குச் சுவர் அதற்குப் பிறகுதான்.